உங்களுக்கு என்ன தெரியுது?

ஜூலை 17, வியாழன் (ஆடி 1)

காலை ஏழு மணி பஸ்ஸில் செண்பகம் தூத்துக்குடிக்குப் போய்விட்டாள். அவள் அக்காளுக்கு மூட்டு வலி, கூடமாட ஒத்தாசைக்கு ஆள் வேண்டுமாம். ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது ஊர் வழக்கம். கல்யாணமாகி முப்பத்தாறு வருடம் கழித்து ஆடிக்குப் போகிறவள் இந்தக் கோவில்பட்டியிலேயே என் மனைவி ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

கிளம்புகிற அவசரத்திலும் சாமி கும்பிட்டு, சுவர்க் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் போனாள். "மாவு ரெண்டு நாளைக்கு வரும்" என்றாள். எப்போது வருவாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காற்று பலம். கொடியில் கிடந்த வேட்டி எதிர்வீட்டு மாடிக்குப் போய்விட்டது.

ஜூலை 18, வெள்ளி

தென்காசியிலிருந்து சம்பந்தி குற்றாலிங்கம் போன் செய்தார். அவர் வீட்டு இன்டர்நெட் சரியாகிவிட்டதாம். சந்தோஷம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 19, சனி

மாவு தீர்ந்தது.

ஜூலை 22, செவ்வாய்

மத்தியானம் பொழுது போகாமல் கம்ப்யூட்டரைப் போட்டேன். மகள் காந்திமதி ஓசூரில் புதிது வாங்கியபோது பழசை எங்களுக்குத் தள்ளிவிட்டாள். அதில் 'திரைமுற்றம்' என்று ஒரு செயலி. படம், தொடர், பாட்டு எல்லாம் அதில் வரும். செண்பகம்தான் தன் போனிலும் இதிலும் ஒரே கணக்கில் போட்டு வைத்திருக்கிறாள். என்னிடம் இருப்பது பொத்தான் போன். அதில் பேசலாம், டார்ச் அடிக்கலாம். வீட்டில் பழைய தரைவழி போன் ஒன்றும் உண்டு.

தினமும் நாலு மணிக் காபிக்குப் பிறகு இருவரும் 'மஞ்சள் ஜன்னல் வீடு' என்ற தொடரில் ஒரு பகுதி பார்ப்போம். எனக்கு அது பிடிக்காது. மாமியார் நல்லவளா கெட்டவளா என்று எழுதுகிறவனுக்கே இன்னும் முடிவாகவில்லை. அவளுக்குத் துணையாக உட்காருவேன், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் ஓடுகிறதா என்று பார்க்கத்தான் திறந்தேன். தொடரின் படத்துக்கு அடியில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். கடைசியாக எந்தப் பகுதியில் எந்த இடத்தில் நிறுத்தினோமோ, அதுவரை கோடு ஓடி நிற்கும். நாங்கள் சேர்ந்து பார்த்தது முப்பத்தெட்டு. இன்று நாற்பத்து மூன்று என்று காட்டியது, கோடு கடைசிவரை ஓடியிருந்தது. ஆக, அங்கே உட்கார்ந்து நாள் தவறாமல் பார்க்கிறாள். அக்காள் மூட்டு அவ்வளவு மோசமில்லை போலிருக்கிறது.

நாற்பத்து மூன்றை நானும் பார்த்தேன். நடுவில் என்ன நடந்தது என்று ஒன்றும் புரியவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

மத்தியானம் அவள் ஒரு பகுதி பார்க்கிறாள். நாலு மணிக்கு அதே பகுதியை நான் பார்க்கிறேன். டெலிபோன் துறையில் நான் லைன்மேனாகச் சேர்ந்த காலத்தில் பார்ட்டி லைன் என்று உண்டு. ஒரே கம்பியில் இரண்டு வீடு. ஒரு வீட்டுக்காரர் ரிசீவரை எடுத்தால் மறு வீட்டில் சத்தம் கேட்கும். இரு வீட்டுக்கும் ஆகாதென்றாலும் கம்பி ஒன்றுதான்.

இன்று பூண்டுக் குழம்பு வைத்தேன். பூண்டு அதிகம்.

ஜூலை 30, புதன்

கம்ப்யூட்டர் திறக்கும்போதே தகராறு. வருடம் 2009 என்றது. காற்றுக்குக் கரண்ட் போய்ப் போய் வருவதால், நான் எப்போதும் சுவரில் மெயின் ஸ்விட்சையே அணைத்துவிடுவது வழக்கம். உள்ளே கடிகாரத்தை ஓட்டுகிற பொட்டு பேட்டரி செத்துவிட்டதாம். மந்தித்தோப்பு ரோட்டில் கடை வைத்திருக்கும் ஆரோன் வந்து மாற்றிக் கொடுத்தார். காதில் போனை இடுக்கிக்கொண்டு, வேறு யாரிடமோ பேசிக்கொண்டே வேலையை முடித்தார். மணிக்குத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தேதிக்குச் சுவரை நிமிர்ந்து பார்த்தார், தட்டிவிட்டு எழுந்தார். கைத்திறமைக்காரர்.

பகுதி ஐம்பத்தொன்று. கோடு கடைசிவரை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எதிர்வீட்டு பேபி ஒரு தூக்குவாளியில் எலுமிச்சைச் சாதம் கொடுத்தாள். "அக்கா எப்ப வாராக?" என்றாள். மூட்டு வலி தீர்ந்ததும் என்றேன். யார் மூட்டு என்று அவள் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

பகுதி ஐம்பத்தெட்டு. பதினோராவது நிமிடத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது கரண்ட் இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

திரைமுற்றம் திறக்கவில்லை. கறுப்புத் திரையில் ஒரு கட்டம். 'இணைப்பில் பிழை. சேவையகத்தை அணுக முடியவில்லை. உங்கள் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்.'

முப்பத்துநாலு வருடம் பழுது பார்த்தவனிடம் இணைப்பைச் சரிபார்க்கச் சொல்கிறது. சரி, பார்த்தேன். மோடத்தில் பச்சை விளக்கு எரிகிறது. கம்பியைப் பிடுங்கி, துடைத்து, செருகினேன். மோடத்தை அணைத்து நூறு எண்ணிப் போட்டேன். கம்ப்யூட்டரையும் அப்படியே. செய்தித்தாளின் பக்கம் திறக்கிறது, மழை வருமா என்று பார்க்கிற பக்கம் திறக்கிறது. இது மட்டும் மாட்டேன் என்கிறது.

தொடர் போனால் போகிறது. அந்த மாமியார் இருந்தென்ன, தொலைந்தென்ன.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்டர்நெட் கம்பெனி ஆளை வரவழைத்தேன். தன் போனைக் காட்டி, "லைன் சூப்பரா இருக்கு சார், உங்க வீட்டு வாசல் வரைக்கும் தண்ணியா ஓடுது" என்றான். வாசல் வரை வருகிற தண்ணீர் குடத்தில் விழவில்லை என்றால் குடத்தில்தான் கோளாறு. அவன் சொல்வது சரிதான், அதுதான் எரிச்சல்.

கோடு இப்போது எங்கே இருக்கும்? அறுபதுக்குப் போயிருக்கும்.

ஆகஸ்ட் 9, சனி

திரைமுற்றத்தின் உதவி எண்ணுக்குப் பேசினேன். இருபது நிமிடம் வீணை வாசித்துவிட்டு ரோஷினி என்ற பெண் வந்தாள். மரியாதையான குரல். நான் செய்த சோதனைகளை வரிசையாகச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "சரி சார், இப்ப உங்களுக்கு என்ன தெரியுது?" என்றாள்.

எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "எனக்கு என்ன தெரியுமா? நீ பிறக்கிறதுக்கு முன்னாடியே நான் எட்டயபுரம் எக்ஸ்சேஞ்சுக்குக் கேபிள் இழுத்தவன்மா" என்றேன்.

"இல்ல சார், ஸ்க்ரீன்ல உங்களுக்கு என்ன தெரியுதுன்னு கேட்டேன்" என்றாள்.

காது வரை சூடாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், நிறைய பேர் கோவிச்சுப்பாங்க" என்றாள். அவளுடைய பட்டியலில் இருந்ததையெல்லாம் செய்தோம். சரியாகவில்லை.

'தெரியுது' என்றால் கேள்வி, 'தெரியும்' என்றால் அவமானம். இதைப் பற்றி மேலே எழுத விருப்பமில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஆரோன் மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்து வேலையாக இருக்கிறார், பதினாறாம் தேதிதான் வருவாராம். போனிலேயே யோசனை சொன்னார். "அண்ணாச்சி, செயலியை மொத்தமா அழிச்சிட்டு மறுபடி ஏத்திப் பாருங்க."

அழித்தேன். ஏற்றினேன். இப்போது பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. என் பெயர், அவள் பெயர், மகள் பெயர், பேத்தி பெயர், வீட்டு எண் எல்லாம் போட்டேன். எதைப் போட்டாலும் அதே 'இணைப்பில் பிழை'. சாவி தப்பா, கதவே இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. முன்பு ஒரு பழுது இருந்தது. நான் கை வைத்த பிறகு இரண்டு.

ரோஷினியிடம் மறுபடி பேசினேன். "கடவுச்சொல் யாருக்குத் தெரியும் சார்?" என்றாள்.

"என் மனைவிக்குத் தெரியும்" என்றேன்.

சொன்ன பிறகு ரிசீவரை வைக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எழுதித்தான் தீர வேண்டும். ஜூலை பதினாறாம் தேதிப் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அதில் எழுத வேண்டியது இதுதான்.

அன்று சம்பந்தி எட்டயபுரம் போகிற வழியில் சாப்பிட வந்தார். அவர் வீட்டில் புதிதாக இன்டர்நெட் எடுத்திருக்கிறாராம், படம் போட்டால் சுற்றிக்கொண்டே நிற்கிறதாம். என்னிடம்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் செண்பகம், "அண்ணாச்சி, அந்தப் பொட்டியை மூலையில போட்டிருப்பிய. நடுவீட்டுல கொஞ்சம் உசரமா வச்சுப் பாருங்க" என்றாள்.

"உனக்கு என்ன தெரியும்? சும்மா இரு" என்றேன்.

கையில் சாம்பார் கரண்டியோடு நின்றாள். சம்பந்தி இலையைப் பார்த்தார். நான் எர்த்திங் பற்றி அரை மணி நேரம் பேசினேன். அவள் யாருக்கும் எதுவும் குறை வைக்காமல் பரிமாறினாள். அன்று நாலு மணிக்கு முப்பத்தெட்டாவது பகுதியையும் சேர்ந்துதான் பார்த்தோம். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. முப்பத்தாறு வருடத்தில் அதை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

இன்னும் ஒன்று. பதினெட்டாம் தேதி சம்பந்தி போன் செய்தது, பெட்டியை நடுவீட்டில் உயரத்தில் வைத்ததும் சரியாகிவிட்டது என்று சொல்லத்தான். "மதினிட்ட சொல்லிருங்க" என்றார். நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

காந்திமதியிடம் போனில், "அம்மாகிட்ட திரைமுற்றத்துக் கடவுச்சொல்லைக் கேட்டுச் சொல்லு" என்றேன்.

"உங்க போனும் வேலை செய்யலையாப்பா?"

"செய்யுது."

"அப்ப நீங்களே கேளுங்க. அம்மா ஒண்ணும் லண்டன்ல இல்ல."

பெண் பிள்ளைக்குத் தகப்பன் ஜாடை என்பார்கள். இது தாய் ஜாடை.

ஆகஸ்ட் 14, வியாழன்

தூத்துக்குடி எண்ணை நாலு இலக்கம் வரை சுழற்றி வைத்துவிட்டேன். வாழைப்பூவை ஆய்ந்து பாதியில் விட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

நாலு மணிக்குக் காபி போட்டுக் குடித்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தரைவழி போனில் அழைத்தேன். சொல்ல வேண்டியதைப் பத்து வாக்கியமாக மனதில் கட்டி வைத்திருந்தேன். அவளே எடுத்தாள்.

"நான்தான்" என்றேன்.

"தெரியுது" என்றாள்.

பத்து வாக்கியமும் போன இடம் தெரியவில்லை. "கடவுச்சொல் வேணும்" என்றேன்.

"எதுக்கு?"

"திரைமுற்றம் திறக்கலை. ஏழாம் தேதியில இருந்து கெடக்கு."

மெதுவாக, "அதான் கோடு நகரலையா?" என்றாள்.

"நீ கோட்டைப் பார்ப்பியா?"

"பாக்காம? நான் ரெண்டு மணிக்கு முடிச்ச பகுதி மறுநாள் பாதியில நின்னுச்சு. அத்தான் தூங்கிட்டாகன்னு நெனச்சேன். இப்ப எட்டு நாளா அசையலையா, உடம்புக்கு என்னமோன்னு பேபிக்கு ரெண்டு தடவ போன் போட்டேன். நடமாடிக்கிட்டுத்தான் இருக்காகன்னு சொன்னா."

பேபி என்னிடம் மூச்சு விடவில்லை. கெட்டிக்காரி.

"உங்க ஸ்டாஃப் நம்பர்தான் கடவுச்சொல்லு" என்றாள். ஓய்வு பெற்று நாலு வருடமாகிறது, எனக்கே யோசித்துத்தான் வந்தது. போட்டேன். அதே கட்டம், அதே பிழை. கம்பி, மோடம், கம்பெனி ஆள், ரோஷினி, ஆரோன், அழித்து ஏற்றியது எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அத்தான், இப்ப உங்களுக்கு என்ன தெரியுது?" என்றாள்.

இந்த முறை எனக்குச் சரியாகவே கேட்டது. "நடுவுல கட்டம். இணைப்பில் பிழைன்னு இருக்கு."

"அதைத்தான் எட்டு நாளா வாசிச்சாச்சே. ஓரத்துல உள்ளதெல்லாம் வாசிங்க."

"மேல ஒண்ணும் இல்ல. கீழ வரிசையா சின்னச் சின்னப் படம். வலது மூலையில மணி, நாலு இருபது. அதுக்கடியில ரெண்டு, எட்டு, ரெண்டாயிரத்து இருபத்தஞ்சு."

"ரெண்டாந்தேதியா? இன்னைக்குப் பதினஞ்சுல்லா. இங்க அக்கா பேரப்பிள்ளைக கொடியேத்தப் போயி முட்டாயோட வந்திருக்கு."

பார்த்தேன். ஒன்பது நாளாக என் கண்ணுக்கு முன்னால் இருந்திருக்கிறது. தெரிந்தது, நான் பார்க்கவில்லை.

"தேதி தப்புன்னா பஸ் டிக்கெட்டே செல்லாது. அதை மொதல்ல மாத்துங்க" என்றாள். பிறகு, "பதிமூணு நாள் பிந்திக் கெடக்கே. யாரு தேதி வச்சது?" என்றாள்.

"ஆரோன். முப்பதாம் தேதி பேட்டரி போட்டாரு."

"எதைப் பாத்து வச்சாரு?"

சுவரை நிமிர்ந்து பார்த்தேன். பார்க்காமலே தெரியும். அவளும் மனதில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். முப்பதில் பதிமூன்று போனால் பதினேழு.

"சுவத்துல இன்னும் நான் விட்டுட்டு வந்த தாளுதான் தொங்குதா?" என்றாள்.

"நாள் கிழிக்கது உன் வேலை" என்றேன்.

லைன் அமைதியாகிவிட்டது. அறுந்த லைனின் அமைதி வேறு, ஆள் இருக்கிற லைனின் அமைதி வேறு. முப்பத்துநாலு வருடத்தில் நான் உருப்படியாகக் கற்றது அது ஒன்றுதான். மறுமுனையில் ஆள் இருந்தது.

சொல்லிவிட்டேன். சம்பந்தி போன் செய்ததையும், பெட்டியை உயரத்தில் வைத்ததும் சரியானதையும், அதை ஒரு மாதமாக மறைத்ததையும். "அன்னைக்கு அவர் முன்னால நான் சொன்னது தப்பு. எப்பவும் சொன்னதும் தப்பு" என்றேன். வெட்கமாகவும் இருந்தது, வெட்கப்படுவது நன்றாகவும் இருந்தது.

"மொதல்ல தேதியை மாத்துங்க" என்றாள்.

எங்கே அமுக்க வேண்டும் என்று அவளே சொன்னாள். பதினைந்து வைத்தேன். திரைமுற்றம் ஒரு சுற்றுச் சுற்றித் திறந்தது. 'மஞ்சள் ஜன்னல் வீடு' முதலில் நின்றது. அறுபத்தாறு, அறுபத்தேழு என்று எதிர்பார்த்தேன். பகுதி ஐம்பத்தெட்டு. கோடு பதினோராவது நிமிடத்தில், நான் தூங்கிய இடத்திலேயே நின்றது.

"நீ அதுக்கப்புறம் பாக்கலையா?" என்றேன்.

"நான் அடுத்ததைப் போட்டா உங்க கோடு அழிஞ்சிருமே" என்றாள்.

ஆகஸ்ட் 16, சனி

ஆரோன் மதுரையிலிருந்து வந்ததும் நேராக இங்கே வந்தார். தலையில் அடித்துக்கொண்டார். "அந்தச் செயலிக்காரங்க ஆறாம் தேதி வாக்குல, தாங்கதான் அசல்னு காட்டுற புதுச் சான்றிதழ் வாங்கியிருப்பாங்க அண்ணாச்சி. உங்க கம்ப்யூட்டர் கணக்குல அது இன்னும் பொறக்கவே இல்ல. பொறக்காத பிள்ளைய எப்படி வீட்டுக்குள்ள விடும்? இன்னும் நாலு நாள் போனா அதுவாவே சரியாகியிருக்கும்."

எல்லாம் தானாகச் சரியாகும் என்று ஒரு மாதம் இருந்து பார்த்தவன் நான். அதை அவரிடம் சொல்லவில்லை.

அடுக்களையைக் கழுவினேன். மாவு அரைத்தேன். காலண்டரைத் தொடவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு (ஆவணி 1)

பத்து மணி பஸ்ஸில் இறங்கினாள். பையை நான் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றி, கை கால் கழுவி, நேராகக் காலண்டர் முன்னால் போய் நின்றாள். மொத்தமாகப் பிடித்துக் கிழிப்பாள் என்று நினைத்தேன். ஒவ்வொன்றாகக் கிழித்தாள். முப்பத்தொரு தாள். நான் பக்கத்தில் நின்று கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

"பூண்டு வாடை வீடு முழுக்க அடிக்கி" என்றாள். அது போன மாதத்துக் குழம்பு.

மத்தியானம் சாப்பிட்டு எழுந்திருக்கையில் போன் அடித்தது. சம்பந்தி. "அண்ணாச்சி, மறுபடியும் படம் சுத்துது. என்ன செய்யலாம்?" என்றார். வாயில் எர்த்திங் வரை வந்துவிட்டது.

"எனக்குத் தெரியல. செண்பகத்துக்குத் தெரியும், இருங்க" என்று ரிசீவரை நீட்டினேன்.

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். ரிசீவரைக் காதில் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள். "இப்ப உங்களுக்கு என்ன தெரியுது?"

நான் போய்க் காபிக்குப் பாலை வைத்தேன்.